துடுப்பில் ஒரு கறுப்புக் கோடு

மீன் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கொளத்தூரில் வண்ணமீன் வளர்த்துவந்த ஒருவர். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சென்னையின் வடபகுதியில் இருக்கும் அந்த ஊரில் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, மீனை முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்த்து விற்பது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. பெரும்பாலோர் கப்பி, மோலி, ஃபைட்டர், தங்கமீன் என்று சீக்கிரம் விலைபோகிற மீன்களை வளர்ப்பார்கள். அண்ணனின் தொட்டிகளில் இருந்தவை ஆப்பிரிக்கன் சிக்லிட்கள். மலாவி ஏரியின் பாறைகளுக்கிடையே வாழும் மீன்கள். அவர் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. ஆனால் எந்த மீன் எந்தக் கரையைச் சேர்ந்தது என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்.

அப்போது நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். சம்பளத்தில் மிஞ்சியது மீனுக்குப் போனது. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டுக் கடைகளில் ஆரம்பித்து, கண்ணில் படுகிற மீன் கடை எதையும் விடாமல் ஏறி இறங்குவேன். எல்லாக் கடைகளிலும் ஒரு தொட்டி இருக்கும். மஞ்சள், நீலம், செம்மஞ்சள், வரிபோட்டது, புள்ளிபோட்டது என எல்லாம் கலந்து நீந்தும். கண்ணாடியில் ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று எழுதியிருக்கும். விலை இனத்துக்கு இல்லை, அளவுக்குத்தான். எது வேண்டுமென்று விரலால் காட்டினால் வலைவீசிப் பிடித்துக் கொடுப்பார்கள். என்ன மீன் என்று கேட்டால், நிறத்தைப் பார்த்து ஒரு பெயர் வரும். மஞ்சளாக இருந்தால் ‘எல்லோ லேப்’. நீலமாக இருந்தால் ‘எலெக்ட்ரிக் ப்ளூ’. வாங்குகிறவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அண்ணனுக்குப் போதவில்லை. அவரிடம் முதல்முறை போனபோது எல்லோ லேப் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு ஒரு சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து தொட்டியின் பக்கவாட்டில் வைத்தார். உள்ளே இருந்த ஆண் மீன் தன் பிம்பத்தை எதிராளி என்று நினைத்து எல்லாத் துடுப்புகளையும் விரித்து நின்றது.

“இப்ப முதுகுத் துடுப்பப் பாரு தம்பி. ஓரத்துல கறுப்புக் கோடு முன்னாலேர்ந்து கடைசி வரைக்கும் அறுபடாம ஓடுதா?”

ஓடியது. அதன் இடுப்புத் துடுப்புகளும் கறுத்திருந்தன. உடம்பில் குறுக்குப் பட்டை எதுவும் இல்லை. முகம் கூராக, வாய் சிறியதாக இருந்தது. பாறையிடுக்கில் ஒளிந்திருக்கும் சிறு பூச்சிகளைக் கொத்தி எடுப்பதற்கென்று அமைந்த வாய் அது என்றார் அண்ணன். அந்த மீனின் அறிவியல் பெயர் லேபிடோக்ரோமிஸ் செருலியஸ். ஜெஃப்ரி ஃப்ரையர் 1956இல் அதை விவரித்துப் பெயர் கொடுத்தார். ஏரியில் அந்த இனத்தின் பெரும்பாலான கூட்டங்கள் வெள்ளையாகவோ வெளிர்நீலமாகவோதான் இருக்கும். உலகம் முழுக்கக் கடைகளில் விற்கிற மஞ்சள் நிறம், மேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் என்ற இடத்தை ஒட்டிய சிறு பகுதியில் வாழும் கூட்டத்துக்கு உரியது.

அதே வாரம் ஒரு கடையில் மறுபடி அந்த மிக்ஸ் தொட்டியின் முன் நின்றேன். மஞ்சள் மீன்கள் நிறைய இருந்தன. இப்போது அவை எல்லாம் ஒரே மீனாகத் தெரியவில்லை. சிலவற்றின் மஞ்சளில் செம்மை ஏறியிருந்தது. சிலவற்றின் முதுகுக் கோடு பாதியில் நின்றது, சிலவற்றில் கோடே இல்லை. வலை உள்ளே போனதும் மிரண்ட சில மீன்களின் உடம்பில் மங்கலான குறுக்குப் பட்டைகள் வந்து மறைந்தன. முகம் கூராக இல்லாமல் மழுங்கி, நெற்றி செங்குத்தாக இறங்கியது. எல்லோ லேப்புடன் ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு மலாவி மீன் கலந்தால் பிறக்கிற மீன்கள் இப்படித்தான் இருக்கும். ஜீப்ரா பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். அகன்ற வாயும் மழுங்கிய முகமும் அதற்கு வேண்டும். அந்த வாயும் முகமும் ஒரு மஞ்சள் மீனிடம் தெரிந்தால் அதன் முன்னோர்களில் ஒன்று ஜீப்ரா என்று பொருள்.

இதில் என்னை உலுக்கியது புவியியல். ரெட் ஜீப்ராவை ஆட் கோனிங்ஸ் 1995இல் விவரித்தார். மலாவியில் வெகுகாலம் மீன் ஏற்றுமதி செய்துவந்த ஸ்டூவர்ட் கிராண்டின் மனைவி எஸ்தரின் பெயரைச் சேர்த்து மெட்ரியாகிளிமா எஸ்தரே என்று இன்று அழைக்கிறார்கள். அது ஏரியின் கிழக்கில், மொசாம்பிக் கரையைச் சேர்ந்த மீன். எல்லோ லேப் மேற்குக் கரையைச் சேர்ந்தது. நடுவில் 700 மீட்டர் ஆழம்வரை போகும் ஏரி கிடக்கிறது. பாறையை விட்டு அகலாத இந்த மீன்களுக்கு அந்த ஆழ்நீர் கடக்க முடியாத எல்லை. ஏரியில் ஒருபோதும் சந்தித்திராத இரண்டு மீன்கள் எங்கள் ஊர்க் கடையின் கண்ணாடித் தொட்டியில் ஜோடி சேர்ந்திருந்தன.

ஏன் கலக்கின்றன என்பதையும் அண்ணன்தான் சொன்னார். மலாவி சிக்லிட்களில் பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்து ஏறக்குறைய மூன்று வாரம் காக்கும். அவ்வளவு நாளும் பெரும்பாலும் பட்டினி. அத்தனை பாடுபட்டு வளர்க்கப்போகிற குஞ்சுகளுக்கு அப்பனைத் தேர்ந்தெடுப்பதில் அது கவனமாக இருக்கும். தன் இனத்து ஆணை நிறத்தாலும் நடத்தையாலும் அடையாளம் காணும். ஆனால் தொட்டியில் தன் இனத்து ஆண் இல்லாவிட்டால், முட்டை முற்றிய பெண் கிடைக்கிற ஆணிடம் போய்விடும். மிக்ஸ் தொட்டியில் இருப்பவை அநேகமாகத் தனி மீன்கள். ஒவ்வொரு இனத்திலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து இதே விஷயத்தை, சிக்லிட்கள் வாழும் இன்னோர் ஆப்பிரிக்க ஏரியான விக்டோரியாவைப் பற்றிய ஆய்வொன்றில் படித்தேன். 1997இல் ஓலே சேஹௌசனும் உடன் ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது அது. கழிவும் மண்ணும் சேர்ந்து ஏரி நீர் கலங்கியதால் பெண் மீன்களுக்கு ஆண்களின் நிறம் சரியாகத் தெரியவில்லை. நிறம் பார்த்து இணை தேடிய இனங்களுக்கிடையிலான வேலி அங்கங்கே சரிந்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் நீல ஆணையும் சிவப்பு ஆணையும் வைத்து, நிறவேறுபாடு மறையும்படி ஒற்றைநிற விளக்கு போட்டபோது பெண்களின் தேர்வு குலைந்துபோனது. நல்ல வெளிச்சத்தில் அவை சரியாகத் தேர்ந்தெடுத்தன. அண்ணன் தன் தொட்டிகளில் பார்த்ததைத்தான் அந்த ஆய்வு ஏரியில் பார்த்திருந்தது.

எல்லோ லேப்பில் கோடு உதவியது. பீகாக் மீன்களிடம் வந்தபோது நான் திணறினேன். ஆலோனோகாரா என்ற பேரினம். ஆண் மீன்கள் நீலமும் மஞ்சளும் செம்மையுமாக ஜொலிக்கும். பெண் மீன்கள் எல்லா இனத்திலும் ஒரே சாம்பல் பழுப்பு, மங்கலான பட்டைகள். பல இனத்துப் பெண்களை ஒரே தொட்டியில் விட்டால் எது எதுவென்று பிரிக்க அநேகமாக எவராலும் முடியாது. ஒரு கடையில் அழகான ஒரு ஆண் பீகாக்கைக் காட்டி, “இதுக்கு ஜோடி வேணும்” என்று கேட்டேன். கடைக்காரர் பக்கத்துத் தொட்டியிலிருந்து சாம்பல் நிறப் பெண் ஒன்றைப் பிடித்தார். அந்தத் தொட்டியில் ஐந்தாறு வகை பீகாக்கின் பெண்கள் இருந்திருக்கக்கூடும். அவரும் ஏமாற்றவேண்டும் என்று செய்யவில்லை. அவருக்கு வந்ததே அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கலந்து வைத்த தொட்டியிலிருந்து பீகாக் பெண் வாங்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து விதியாகவே வைத்திருக்கிறேன்.

இன்னொரு பாடம், ஒற்றை மீனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்பது. இரண்டு இனம் முதன்முறை கலக்கும்போது பிறக்கிற குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கலாம். பார்க்கிறவருக்குப் புது இனம் போலவே தோன்றும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் இணையும்போதுதான் சாயம் வெளுக்கும். ஒரே தாயின் வாயிலிருந்து வந்த குஞ்சுகளில் ஒன்று ஜீப்ராபோல, ஒன்று லேப்போல, மற்றவை நடுவில் எங்கெங்கோ நிற்கும். அதனால் அண்ணன் எப்போதும் முழு ஈட்டையும், அதாவது ஒரே தடவை பிறந்த எல்லாக் குஞ்சுகளையும், பார்ப்பார். வெள்ளைத் தட்டில் நீரோடு குஞ்சுகளை எடுத்துவைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பார். குஞ்சுப் பருவத்தில் கறுப்புக் கோடு முழுதாக வந்திருக்காது. ஆகவே விரல்நீளம் வளரும்வரை ஒரு ஈட்டைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். வாங்க வந்தவர் அவசரப்பட்டாலும் காத்திருக்கச் சொல்வார்.

கலப்பு மீன் என்றாலே அவர் முகம் சுளிப்பார் என்று நினைக்க வேண்டாம். உடம்பெங்கும் கறுப்புத் திட்டுகள் தெறித்த ‘ஓபி பீகாக்’ வந்தபோது அதன் அழகை ரசித்தார். ஏரியில் எந்தப் பீகாக்குக்கும் அந்தத் திட்டுகள் கிடையாது. பாறைவாழ் மீன்களான புனாக்களில் இருக்கும் அந்தக் கோலத்தைப் பீகாக்குக்குள் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். ஃபிளவர்ஹார்னும் அப்படியே. மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவான மீன் அது. தலையில் புடைத்த திமிலுக்காக இங்கே எத்தனையோ வீட்டு வரவேற்பறைகளில் இடம்பிடித்திருக்கிறது. தைவானில் உருவான பிளட் பாரட்டின் வாயோ சரியாக மூடாது. அதைப் பார்த்து மட்டும் அவர் வருந்துவார். ஆனால் இவை எவையும் வேறு ஒரு மீனின் பெயரில் விற்கப்படவில்லை. ஃபிளவர்ஹார்ன் வாங்குகிறவர் ஃபிளவர்ஹார்னைத்தான் வாங்குகிறார். கோடில்லாத மஞ்சள் மீனை எல்லோ லேப் என்று கொடுக்கும்போதுதான் தவறு நடக்கிறது. அந்த மீனை வாங்கியவர் நல்லெண்ணத்தோடு அசலான ஒரு ஜோடியோடு சேர்த்து விடுவார். குஞ்சுகள் வரும், நண்பர்களுக்குப் போகும், ஒரு கடைக்குப் போகும். அதன்பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

நிறத்தை மட்டும் நம்பினால் வேறுவகையிலும் ஏமாறுவோம் என்று அவர் எச்சரித்தார். ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்தால் பெண்ணும் சின்னக் குஞ்சும்கூட ஆணின் நிறத்துக்கு வந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து சாதாரணத் தீனி போட்டால் சில வாரங்களில் நிறம் வடிந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் மீன் முழு வளர்ச்சியடைந்த ஆணைப்போல மின்னினால் சந்தேகப்பட வேண்டும். மறுபக்கம், வெள்ளுடல் மீனைப் பார்த்தவுடன் கலப்பு என்று சொல்லிவிடவும் கூடாது. ஒரே இனத்துக்குள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து நிறத்தை மாற்றிய மீன்கள் உண்டு. அவை மனிதத் தேர்வால் வந்தவை, ஆனால் கலப்பில்லை. அசலான மீன் தவறான பெயரோடு விற்கப்படுவதும் உண்டு. எலெக்ட்ரிக் ப்ளூ என்ற மீனை நெடுங்காலம் ‘ஆலி’ என்ற இனப்பெயரிலேயே உலகம் முழுக்க விற்றார்கள். அது வேறோர் இனம், சயீனோக்ரோமிஸ் ஃப்ரையரி என்று 1993இல் கோனிங்ஸ் தெளிவாக்கினார். கடைகளில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

இப்படி வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பழகியது. பழகப் பழக, அதன் எல்லையும் தெரிந்தது. மலாவி சிக்லிட்களின் மரபணுத்தொகுப்பை வரிசைப்படுத்தி 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இனத்துக்கும் இனத்துக்குமான வேறுபாடு சராசரியாக 0.1 முதல் 0.25 சதவீதம்தான் என்றது. நூற்றுக்கணக்கான இனங்கள், அவ்வளவு குறுகிய இடைவெளி. நாலைந்து தலைமுறைக்கு முன் ஒருமுறை நடந்த கலப்பு, திரும்பத் திரும்ப லேப்போடு இணைந்தபின், முழுக் கறுப்புக் கோட்டோடும் கூர் முகத்தோடும் என் முன் நீந்தலாம். வளர்ந்தும் கோடு இல்லாத மீனைப் பார்த்து ‘இது அசல் இல்லை’ என்று என்னால் சொல்ல முடியும். கோடு இருக்கிற மீனைப் பார்த்து ‘இது அசல்’ என்று சொல்ல என்னால் முடியாது. கண்ணால் விலக்கத்தான் முடியும், உறுதிசெய்ய முடியாது.

அந்த உறுதிக்கு அண்ணனிடம் ஒரு நோட்டு இருந்தது. கோடுபோட்ட பள்ளிக்கூட நோட்டு. எந்த ஜோடி யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எங்கிருந்து வந்தது, எந்தத் தொட்டி, எந்த மாதம் குஞ்சு வந்தது, யாருக்குக் கொடுத்தது என்றெல்லாம் நீல மையில் எழுதியிருப்பார். தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்றே எழுதியிருப்பார். ஒரு பீகாக் ஜோடியின் பக்கத்தில் அது ஏரியின் எந்தக் கரையில் பிடிக்கப்பட்டதன் வழிவந்தது என்ற குறிப்பு இருக்கும். ஒரே இனமே கரைக்குக் கரை நிறம் மாறும் என்பதால் பீகாக்கில் ஊர்ப்பெயரும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். ஸ்டூவர்ட்கிராண்டி என்ற பீகாக் இனத்தில் உசிஸ்யா கரையின் மீன் ஒருநிறம், ங்காரா கரையின் மீன் வேறுநிறம். இரண்டையும் கலந்தால் இனம் மாறாது, ஆனால் இரண்டு ஊரும் தொலைந்துபோகும்.

இத்தனை பாடு எதற்கு என்று வீட்டிலும் வெளியிலும் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அசல், கலப்பு என்ற பேச்சு மனிதர்களைப் பற்றி வந்தால் அதைவிட அநீதி இல்லை. மனிதர் அனைவரும் ஒரே இனம். மீனில் நாம் பேசுவது லட்சக்கணக்கான ஆண்டுகளில் தனித்தனியாகக் கிளைத்த உயிர்களைப் பற்றி. இயற்கையிலும் கலப்பு நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. விக்டோரியா ஏரிப் பகுதியின் நூற்றுக்கணக்கான இனங்கள் பழங்காலத்தில் இரண்டு வழிமரபுகள் கலந்ததிலிருந்துதான் பெருகின என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் கலப்பு ஆயிரமாயிரம் ஆண்டு இயற்கைத் தேர்வுக்குள் போய்ப் புதிய இனங்களாக மலர்ந்தது. நம் தொட்டிக்குள் நடப்பது இருந்த இனங்களை மங்கவைப்பதோடு நின்றுவிடுகிறது.

இப்படி இனம் மங்குவதன் விளைவை ஆப்பிரிக்காவின் ஆறுகளில் பார்க்கலாம். நம் ஏரி குளங்களில் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியாதான் அது; 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கே அது உள்ளூர் மீன்களை நெருக்கும் அந்நியன். தன் தாயகத்திலோ அது அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பண்ணைகளுக்காகக் கொண்டுவந்த நைல் திலாப்பியா ஆறுகளில் பரவி அதனோடு கலந்துவருவதுதான் முக்கியக் காரணம். மீன் எண்ணிக்கையில் குறையவில்லை. வலையில் திலாப்பியா வந்துகொண்டேதான் இருக்கும். அசல் இனம் மட்டும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும்.

மலாவியில் சிசுமுலு தீவுக்கு அருகில் ஒரே ஒரு பாறைத்திட்டில் மட்டும் சௌலோசி என்ற சிறு மீன் வாழ்கிறது. ஆண் நீலத்தில் கறுப்புப் பட்டை, பெண் மஞ்சள். அழகுக்காக அள்ளியதில் அந்தத் திட்டில் அது அருகிவிட்டது. உலகெங்கும் தொட்டிகளில் ஏராளமாக இருக்கிறது. விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்ற பெரிய இரைபிடி மீன் வந்தபின் காணாமல்போன இனங்களில் சில இன்று தொட்டிகளில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. இப்படிப்பட்ட மீனுக்கு ஒருவரின் வீட்டுத் தொட்டி அடைக்கலமாகும். ஆனால் வம்சக் குறிப்பு இல்லாத தொட்டியிலிருந்து அதை ஏரிக்குத் திருப்பித் தர யாரும் துணியமாட்டார்கள். கடைகளில் சௌலோசியின் மஞ்சள் பெண்ணை எல்லோ லேப் என்று கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தவறான பெயரில் அங்கே இரண்டு இனங்கள் கெடுகின்றன.

இப்போது கடைக்குப் போனால் என் கேள்விகள் எளிமையானவை. இது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது? அங்கே இதோடு வேறு என்ன மீன் இருந்தது? இதன் தாய்தகப்பனைப் பார்க்கலாமா? பதில் தெரியாதென்றால், தெரியாது என்று சொல்கிற கடைக்காரரை மதிக்கிறேன். ஒரு கடையில் பலமுறை கேட்டபின், அந்தத் தொட்டியின் கண்ணாடியில் ‘கிராஸ்’ என்று எழுதிவைத்தார்கள். மீன் அதற்காக விற்காமல் போகவில்லை. அழகுக்காக வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். வளர்த்துப் பெருக்க நினைத்தவர்கள் வேறிடம் தேடினார்கள். இருவருக்கும் நியாயம் கிடைத்தது.

என் தொட்டியிலிருந்து போகிற ஒவ்வொரு குஞ்சோடும் ஒரு சீட்டு போகிறது. இனம், ஊர், பெற்றோர், எனக்குக் கொடுத்தவர் வழி எல்லாம் அதில் இருக்கும். எனக்கு நிச்சயமில்லாத ஈட்டுக்கு ‘கலப்பாக இருக்கலாம், இனப்பெருக்கம் வேண்டாம்’ என்று எழுதுகிறேன். அதற்குக் குறைந்த விலை கிடைக்கும், கிடைக்கட்டும். ஒரு மீனின் அசலை அதன் துடுப்பு நமக்குப் பாதிதான் சொல்லும். மீதியை, அது கைமாறிய ஒவ்வொருவரும் உண்மை சொன்னால்தான் அறிய முடியும். கொளத்தூரிலும் நம் கடைகளிலும் மீன் வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களோடு ஒரு நோட்டும் பேனாவும் சேர்ந்தால், உலகின் எந்த ஏரியின் மீனையும் அதன் பெயர் கெடாமல் இங்கே காப்பாற்றிவிடலாம்.